படைப்பணி முடிந்த பிறகு வேலையா, சொந்தத் தொழிலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகனப் பிரிவில் 17 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு வெளியே வந்தவன் நான். முதல் ஓராண்டு யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது என்றே தெரியாமல் அலைந்தேன். பிறகு ஒரு வேலையில் நிலைத்தேன். அன்றிலிருந்து, பணி முடிந்து வருகிறவர்களோடு உட்கார்ந்து பயோடேட்டா எழுதித் தருவதும், தொழில் தொடங்க நினைப்பவர்களின் கணக்கைப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டது. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சீருடையைக் கழற்றிவைத்த மறுநாள் வரும் திகைப்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

பணி முடிய எவ்வளவு காலத்துக்கு முன்பே வேலை தேடத் தொடங்க வேண்டும்?

குறைந்தது ஓராண்டு முன்பே. முடிந்தால் இரண்டு ஆண்டுகள்.

அமெரிக்கப் படையில் விலகப்போகிறவர்கள் 365 நாட்களுக்கு முன்பே அதற்கான வழிகாட்டுத் திட்டத்தைத் தொடங்கிவிட வேண்டும் என்பது விதி. மேலதிகாரி அனுமதித்தால், கடைசி 180 நாட்கள் வரை படைச் சம்பளத்தை வாங்கிக்கொண்டே வெளி நிறுவனம் ஒன்றில் வேலை பழகலாம். ஸ்கில்பிரிட்ஜ் என்பது அந்தத் திட்டத்தின் பெயர். பிரிட்டனில் விலகுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பிருந்து விலகிய பின் இரண்டு ஆண்டுகள் வரை வேலை தேடுவதற்கான உதவி கிடைக்கிறது. ஜெர்மனியில் ஒப்பந்தக் கால வீரர்கள் எத்தனை ஆண்டுகள் பணிபுரிந்தார்களோ அதற்கேற்பத் தொழிற்கல்வி பெறும் உரிமை கூடுகிறது. இந்தியாவில் டி.ஜி.ஆர். என்று வீரர்கள் சொல்லும் மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம் ஓய்வுக்கு முன்பே பயிற்சி வகுப்புகளை நடத்துகிறது.

இத்தனை இருந்தும், பெயர் கொடுக்காமலே வெளியே வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "யூனிட்டில் வேலை அதிகம், விடவில்லை" என்பார்கள். உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அடுத்த வகுப்புக்கு மறுபடியும் கேளுங்கள். கடைசி ஆண்டு விடுப்பில் ஒரு வாரத்தையாவது, நீங்கள் போக நினைக்கும் துறையில் இருப்பவர்களை நேரில் பார்ப்பதற்கென்று எடுத்து வையுங்கள்.

நான் செய்த வேலைக்கு வெளியே பெயரே இல்லை. பயோடேட்டாவில் என்ன எழுதுவது?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான் என்பேன்.

ஒரு நண்பர் தன் பயோடேட்டாவைக் கொண்டுவந்தார். முதல் வரியில் ரேங்க், அடுத்து யூனிட், அதற்கடுத்து எட்டுப் பயிற்சிகளின் சுருக்கெழுத்துகள், பிறகு பதக்கங்கள். அடியில் "கடமையுணர்வு, ஒழுக்கம், தலைமைப் பண்பு". படையில் இருந்த எனக்கே அந்தச் சுருக்கெழுத்துகளில் இரண்டு புரியவில்லை. ஆள் எடுக்கும் நிறுவனத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு என்ன புரிந்திருக்கும்?

தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டேன். காலையில் போனதும் என்ன செய்வீர்கள்? "வண்டிகளைப் பார்ப்பேன்." எத்தனை வண்டிகள்? "நாற்பத்து மூன்று." ஓட்டுநர்கள்? "அறுபது பேர் இருப்பார்கள்." யார் எந்த வண்டி என்று முடிவு செய்வது யார்? "நான்தான்." டீசல் கணக்கு? "என் கையெழுத்துதான்." உதிரிபாகம் வராவிட்டால்? அந்தக் கேள்விக்கு மட்டும் கால் மணி நேரம் பேசினார். எந்த வண்டியிலிருந்து எதைக் கழற்றி எதை ஓடவைத்தார், எந்தக் கோரிக்கைத் தாளை யாரிடம் எத்தனை முறை கொண்டுபோனார் என்றெல்லாம் கண்கள் மின்னச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்துத் தாளில் இப்படி இருந்தது:

"43 கனரக, இலகுரக வாகனங்களின் பராமரிப்பு அட்டவணை, 60 ஓட்டுநர்களின் அன்றாடப் பணிப்பட்டியல், எரிபொருள் கணக்கு ஆகியவற்றை நான்கு ஆண்டுகள் கவனித்தேன். ஆண்டுத் தணிக்கைகளில் பேரேட்டுக்கும் கையிருப்புக்கும் வேறுபாடு வந்ததில்லை."

அவர் அதைப் படித்துவிட்டு, "இதெல்லாம் எல்லாரும் செய்வதுதானே?" என்று கேட்டார். எல்லாரும் செய்வதில்லை. சரக்குப் போக்குவரத்து நிறுவனங்கள் இதற்காகவே ஆள் தேடுகின்றன. பத்து ஆண்டுகள் ஒரே வேலையைச் செய்தவனுக்கு அது வேலையாகவே தெரியாமல் போய்விடுகிறது என்பதுதான் சிக்கல்.

ஆகவே ரேங்கை ஒரே ஒரு இடத்தில் எழுதுங்கள். மற்ற வரிகளில் எத்தனை பேர், எத்தனை பொருள், எவ்வளவு காலம், என்ன விளைந்தது என்று எழுதுங்கள். ஸ்டோர் பார்த்தவர் கிடங்கு மேலாண்மையும் கொள்முதலும் செய்தவர். சிக்னல் பிரிவில் இருந்தவர் தகவல்தொடர்பு வலையமைப்பை நிறுவிப் பராமரித்தவர். எழுத்தர் பணியாளர் ஆவணங்களையும் சம்பளப் பட்டியலையும் பார்த்தவர். எழுதி முடித்ததும் படையோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்தச் சொல்லில் நிற்கிறாரோ அந்தச் சொல்லை மாற்றுங்கள்.

படையில் பெற்ற தகுதி வெளியே செல்லுமா?

சில செல்லும், சில செல்லாது. மருத்துவப் பிரிவில் பத்து ஆண்டுகள் இருந்து குண்டடி பட்டவரின் உயிரைக் காப்பாற்றியவரும், பதிவுச் சான்று இல்லாமல் மருத்துவமனையில் ஊசி போட முடியாது. மின்பணி, வானூர்திப் பராமரிப்பு, வெல்டிங் போன்றவற்றுக்கும் பல நாடுகளில் தனி உரிமம் வேண்டும். வாகனம் ஓட்டுவதில் கொஞ்சம் எளிது: அமெரிக்காவில், படையில் கனரக வாகனம் ஓட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு ஓட்டிக் காட்டும் தேர்விலிருந்து விலக்குக் கிடைக்கிறது, ஆனால் விலகி ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இத்தகைய கெடு தேதிகளைத்தான் முதலில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

ரகசியப் பணியில் இருந்தேன். எதைச் சொல்லலாம்?

இடம், எண்ணிக்கை, கருவியின் பெயர் எதையும் சொல்ல வேண்டாம். என்ன திறமை என்பதை மட்டும் சொல்லுங்கள். ஐயம் வந்தால் எழுதுவதற்கு முன் உங்கள் பழைய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

என்னைவிடப் பதினைந்து வயது இளையவர் எனக்கு மேலாளராக இருப்பாரா?

இருப்பார். அதை இன்றே மனத்தில் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எனக்கு முதல் வேலையில் மேலாளராக இருந்தவருக்கு 26 வயது. முதல் கூட்டத்திலேயே அவர் சொன்ன ஒரு யோசனையை எல்லார் முன்னிலையிலும் ஒரு பையன் மறுத்துப் பேசினான். என் முதுகு தானாக விறைத்தது. இப்போது ஏதோ நடக்கப்போகிறது என்று காத்திருந்தேன். மேலாளர் தலையாட்டி, "நீ சொல்வது சரி" என்று தாளில் குறித்துக்கொண்டார். அன்று எனக்கு ஒன்று விளங்கியது: வெளியே கட்டளை மிகக் குறைவு, பேசி இணங்க வைப்பதே அதிகம். படையிலும் நல்ல அதிகாரிகள் இப்படித்தான் இருந்தார்கள் என்பது பிறகு யோசித்தபோது நினைவுக்கு வந்தது.

உங்கள் ரேங்கைச் சொல்லி யாரும் அழைக்கவில்லையே என்று வருந்துவது இயல்பு. அந்த வருத்தத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அது உழைத்துப் பெற்ற பெயர். ஆனால் அலுவலகத்தில் யாரும் அப்படி அழைக்க வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வாசல் காவல் (செக்யூரிட்டி) பணிதான் கிடைக்கும் என்கிறார்களே?

அதுதான் முதலில் கிடைக்கும், எளிதில் கிடைக்கும். காவல் பணி மதிப்பானது. மனமுவந்து அதைச் செய்கிறவர்களைப் போற்றுகிறேன். என் கோபம், ரேடார் பழுதுபார்த்தவரையும் 200 பேருக்குச் சமையல் கூடம் நடத்தியவரையும் ஒரே வரிசையில் நிறுத்தி வாசலில் உட்காரச் சொல்லும் சோம்பேறித்தனத்தின் மேல். வீட்டுச் செலவுக்காக அந்த வேலையை ஏற்க நேர்ந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆறு மாதம் என்று நாள் குறித்துக்கொண்டு, இரவுப் பணி இல்லாத வாரங்களில் ஒரு சான்றிதழ்ப் படிப்பை முடியுங்கள். நாள் குறிக்காமல் போனவர்கள் பத்து ஆண்டுகள் கழித்தும் அங்கேயே இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்புத் துறையே பிடிக்கும் என்றால் தீத்தடுப்பு, தொழிற்சாலைப் பாதுகாப்பு, இணையப் பாதுகாப்பு என்று படித்து ஏற வழிகள் இருக்கின்றன.

நேர்காணலில் எங்கே தவறு செய்கிறோம்?

மூன்று இடங்களில். "நாங்கள் செய்தோம்" என்றே பேசுகிறோம். படையில் "நான்" என்று சொல்வது கூச்சம். நிறுவனம் அந்த "நான்" செய்தது என்ன என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறது. அடுத்து, கேட்ட கேள்விக்கு ஒரு சொல்லில் விடை தந்துவிட்டு நேராக உட்கார்ந்துவிடுகிறோம். எதிரில் இருப்பவர் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார். மூன்றாவது, சம்பளம். படையில் யாரும் சம்பளம் பேசியதில்லை. குடியிருப்பு, மருத்துவம், சீருடை, பயணம் என்று படை கொடுத்ததையெல்லாம் பணமாக்கிக் கூட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகே ஒரு தொகையைச் சொல்லுங்கள்.

அரசு வேலைக்குக் காத்திருக்கலாமா?

விண்ணப்பியுங்கள், காத்திருக்காதீர்கள். உரிமை இருக்கிறது, உண்மைதான். இந்திய மத்திய அரசில் முன்னாள் படைவீரர்களுக்கு சி பிரிவுப் பணியிடங்களில் 10 விழுக்காடும், முன்பு டி பிரிவு எனப்பட்ட பணியிடங்களில் 20 விழுக்காடும் ஒதுக்கீடு. வயதைக் கணக்கிடும்போது படையில் இருந்த காலத்தைக் கழித்து மேலும் மூன்று ஆண்டுகள் சலுகை. அமெரிக்கக் கூட்டரசுப் பணிகளில் தகுதியுள்ள வீரர்களுக்கு 5 அல்லது 10 புள்ளிகள் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் ஒதுக்கீட்டு இடத்துக்கும் தேர்வு உண்டு, கால தாமதம் உண்டு. விண்ணப்பம் ஒரு பக்கம் இருக்கட்டும்; இன்னொரு பக்கம் வேலைக்குப் போய்க்கொண்டிருங்கள்.

இந்த வயதில் படிக்கலாமா?

படிக்கலாம். இதற்கு மிகப் பெரிய சான்று 1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. (படைவீரர்) சட்டம். இரண்டாம் உலகப் போர் முடிந்து 1.6 கோடிப் பேர் வேலையில்லாமல் தெருவுக்கு வந்துவிடுவார்களோ என்று எல்லாருக்கும் அச்சம். முதல் உலகப் போர் வீரர்கள், அரசு தருவதாகச் சொன்ன தொகையைக் கேட்டு 1932இல் தலைநகரில் கூடாரமிட்டதும், அவர்களைப் படையை வைத்தே விரட்டியதும் யாருக்கும் மறந்திருக்கவில்லை. புதிய சட்டம் படிப்புச் செலவையும் வீட்டுக்கும் தொழிலுக்குமான கடன் உத்தரவாதத்தையும் தந்தது. வேலை கிடைக்காதவர்களுக்கு வாரம் 20 டாலர், 52 வாரங்கள் வரை. அந்த உதவித்தொகைக்கென்று ஒதுக்கிய பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. சும்மா இருக்கப் பணம் தந்தால் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 1956க்குள் சுமார் 78 லட்சம் பேர் படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ சேர்ந்திருந்தார்கள். அவர்களில் கல்லூரிக்குப் போனவர்களைவிடத் தொழில் பழகப் போனவர்களே மிகுதி என்பதைக் கவனியுங்கள்.

அதே சட்டத்தின் பயன் கறுப்பின வீரர்கள் பலருக்கு உள்ளூர் அலுவலகங்களிலும் வங்கிகளிலும் மறுக்கப்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். உரிமை தாளில் இருந்தால் போதாது. உங்கள் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், மேல்முறையீடு செய்யுங்கள்.

உடலிலோ மனத்திலோ காயத்தோடு வந்திருக்கிறேன். நிறுவனத்திடம் சொல்ல வேண்டுமா?

வேலையைச் செய்ய ஏதாவது வசதி தேவைப்பட்டால் அந்த வசதியைக் கேளுங்கள். நோயின் முழுக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கம் வராமல், சத்தத்துக்குத் திடுக்கிட்டு, வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தால் வேலை தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். முழங்கால் உடைந்தால் கட்டுப் போடுகிறோம். இதுவும் அப்படித்தான். நானும் மருத்துவரைப் பார்த்தேன், அதனால்தான் இன்று வேலையில் இருக்கிறேன்.

கட்டாயப் படைப்பணி முடித்தவன் நான். ஒன்றிரண்டு ஆண்டுகள்தான். இதைச் சொல்வதில் பயன் உண்டா?

உண்டு. தென்கொரியத் தரைப்படையில் 18 மாதங்கள், சிங்கப்பூரில் இரண்டு ஆண்டுகள் என்று இளைஞர்கள் பணிபுரிந்துவிட்டு வருகிறார்கள். இஸ்ரேலில் விடுவிக்கப்படும் வீரருக்கு ஒரு வைப்புத்தொகை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகள் அதைப் படிப்பு, தொழில், வீடு, திருமணம் போன்ற குறிப்பிட்ட செலவுகளுக்கே எடுக்கலாம். கட்டாயம் இல்லாத குறுகிய காலப் பணியும் உண்டு: இந்தியாவில் 2022இல் வந்த அக்னிபத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் முடிந்ததும் நான்கில் ஒரு பங்கினர் வரையே படையில் தொடர முடியும். மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாயோடு வெளியே வருவார்கள். வயது இருபதுகளில் இருக்கும்போது கையில் வரும் அந்தத் தொகையில் பைக் வாங்காதீர்கள் என்று என் சொந்தத் தம்பிக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன். படிப்பில் போடுங்கள்.

முன்பே ஒரு வேலையில் இருந்தவர் என்றால் அது திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, மொத்தப் படைப்பணி பொதுவாக ஐந்து ஆண்டுகளைத் தாண்டாதவரை பழைய நிறுவனம் மீண்டும் வேலை தர வேண்டும்.

சொந்தத் தொழில் தொடங்க ஆசை. படைவீரனுக்கு அது ஒத்துவருமா?

ஒத்துவரும். ஆனால் படை ஒரு திறமையைக் கற்றுத் தருவதில்லை: விற்பது. எங்களுக்குப் பொருள் வரும், கையெழுத்துப் போட்டு வாங்குவோம். வாடிக்கையாளரிடம் போய் "இதை வாங்குங்கள்" என்று கேட்டதே இல்லை. தொழில் தொடங்கித் தோற்ற நண்பர்கள் பெரும்பாலும் வேலை தெரியாமல் தோற்கவில்லை. கேட்கக் கூச்சப்பட்டுத் தோற்றார்கள். ஆகவே தொடங்குவதற்கு முன் அதே தொழிலில் இன்னொருவரிடம் ஓராண்டாவது, முடிந்தால் விற்பனையில், வேலை பாருங்கள்.

பெரிய பெயர்களைப் பற்றிக் கேட்கிறார்கள். வியட்நாமில் அமெரிக்க மரைன் படையில் இருந்த ஃப்ரெட் ஸ்மித் 1971இல் ஃபெடரல் எக்ஸ்பிரஸ் என்ற பார்சல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1973 ஏப்ரலில் முதல் இரவு 14 விமானங்களில் போனது 186 பொட்டலங்கள். அவருக்குக் குடும்பச் சொத்தும் பெரிய முதலீட்டாளர்களும் இருந்தார்கள். நமக்கு அது இல்லை. எனக்கு அவரைவிடப் பிடித்த பாடம் இந்தியத் தரைப்படையின் கேப்டன் கோபிநாத்துடையது. எட்டு ஆண்டுப் பணிக்குப் பிறகு விலகியவர், முதலில் செய்தது பட்டுப்புழு வளர்ப்பு. பிறகு பலவும் முயன்று, 1990களில் படை நண்பர் ஒருவரோடு ஹெலிகாப்டர் சேவை. 2003இல்தான் ஏர் டெக்கான் விமான நிறுவனம். நடுவில் எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப் பாருங்கள்.

ஓய்வுக்காலத் தொகையில் எவ்வளவு தொழிலில் போடலாம்?

நான்கில் ஒரு பங்குக்கு மேல் போடாதீர்கள் என்று சொல்லிவருகிறேன். சட்டமில்லை, பார்த்துப் பார்த்து வந்த முடிவு. முதலில் ஓராண்டு வீட்டுச் செலவைத் தொட முடியாத இடத்தில் வையுங்கள். ஓய்வூதியத்தை ஈடுவைத்துக் கடன் வாங்க வேண்டாம். இந்த முடிவுகளில் மனைவியோ கணவரோ கூட உட்கார்ந்திருக்க வேண்டும். நாம் எங்கோ பணியில் இருந்தபோது வீட்டுக் கணக்கை நடத்தியவர் அவர்தான்.

முதல் மூன்று மாதங்களில் உங்களைத் தேடி வருகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். மொத்தமாகப் பணம் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் பழைய யூனிட்காரரே ஒரு திட்டத்தோடு வருவார். படையில் கூட இருந்தவனை நம்புவது நமக்கு ரத்தத்தில் ஊறியது. ஒரு நண்பரின் தொகை முழுவதும் அப்படித்தான் போனது. அவரிடம் ரசீது ஒன்றுகூட இல்லை. மூன்று மாதம் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

பிரான்சைஸ் எடுப்பது பாதுகாப்பானதா?

பிரான்சைஸ் என்பது இன்னொரு நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் கடை நடத்தும் உரிமை. எழுதிவைத்த நடைமுறையைப் பிசகாமல் பின்பற்றுவது நமக்குப் பழக்கம் என்பதால் பலருக்குப் பொருந்துகிறது. ஒப்பந்தத்தை மட்டும் வழக்கறிஞரிடம் காட்டாமல் தொடாதீர்கள். வால்மார்ட்டை உருவாக்கிய சாம் வால்டன் அமெரிக்கத் தரைப்படையில் கேப்டனாக இருந்தவர். 1945இல் வெளியே வந்ததும், சொந்தச் சேமிப்பு 5,000 டாலரும் மாமனாரிடம் வாங்கிய 20,000 டாலர் கடனும் போட்டு ஆர்கன்சாவில் ஒரு பிரான்சைஸ் கடையை எடுத்தார். ஐந்து ஆண்டுகளில் விற்பனையை மூன்று மடங்குக்கு மேல் உயர்த்தினார். ஆனால் கட்டடக் குத்தகையில் புதுப்பிக்கும் உரிமை பற்றி ஒரு வரி இல்லை. கட்டடக்காரர் புதுப்பிக்க மறுத்துவிட்டார். கடை கைவிட்டுப் போனது. வேறு ஊரில் முதலிலிருந்து தொடங்கினார். முதல் வால்மார்ட் திறந்தது 1962இல். குத்தகைத் தாளில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று நான் எல்லாரிடமும் கேட்பது இதனால்தான்.

படை நண்பனோடு கூட்டுச் சேரலாமா?

சேரலாம், இருவருக்கும் ஒரே திறமை இல்லாவிட்டால். ஜப்பானியக் கடற்படை அதிகாரியாக இருந்த அகியோ மோரிட்டா, போர்க்கால ஆய்வுக் குழு ஒன்றில் சந்தித்த பொறியாளர் மசாரு இபுகாவோடு சேர்ந்து 1946இல் தொடங்கியதுதான் பின்னாளில் சோனி ஆனது. இபுகா கருவியை உருவாக்கினார், மோரிட்டா அதற்குச் சந்தை தேடினார். இரண்டு மெக்கானிக்குகள் கூட்டுச் சேர்ந்தால் பட்டறையில் இருவர் இருப்பார்கள், கணக்கு மேசையில் யாரும் இருக்க மாட்டார்கள். யார் எவ்வளவு போட்டார், யார் விலகினால் என்ன என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்திடுங்கள். நட்பைக் காப்பாற்றத்தான் இந்தத் தாள்.

வேலை கிடைத்து ஆறு மாதம்தான் ஆகிறது. விட்டுவிடத் தோன்றுகிறது.

எனக்கும் தோன்றியது. முதல் வேலையை விட்டுவிடுகிறவர்கள் நம்மில் ஏராளம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விடுவதற்கு முன், பிடிக்காதது அந்த வேலையா, அந்த நிறுவனமா, படை இல்லாத வாழ்க்கையா என்று பிரித்துப் பாருங்கள். வேலையோ நிறுவனமோ என்றால், அடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு மாறுங்கள். மூன்றாவது என்றால் எந்த நிறுவனத்துக்குப் போனாலும் அது கூடவே வரும். அப்போது தேவைப்படுவது ஆட்கள். உங்களுக்கு முன் வெளியே வந்த இருவரை வாரம் ஒருமுறை பாருங்கள். நாங்கள் ஐந்து பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நடக்கப் போகிறோம். பாதி நேரம் யாரும் பேசுவதில்லை. நடை மட்டும் இன்னும் ஒரே தாளத்தில்தான் இருக்கிறது.

வெளியேறும் நாளுக்கு முன் எந்தெந்தத் தாள்களை வாங்கிக்கொள்ள வேண்டும்?

பணி விடுவிப்புச் சான்று, எல்லாப் பயிற்சிச் சான்றிதழ்களும், மருத்துவப் பதிவேட்டின் முழு நகல், ஓட்டுநர் மற்றும் தொழில் உரிமங்கள், நேரடி மேலதிகாரியிடமிருந்து நீங்கள் செய்த வேலையை விவரிக்கும் ஒரு கடிதம். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அங்கேயே திருத்தி வாங்குங்கள். வெளியே வந்தபின் அந்த ஓர் எழுத்துக்கு எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. மேலதிகாரியின் கடிதத்தை நீங்களே எழுதிக்கொண்டு போனால் அவர் பெரும்பாலும் கையெழுத்திட்டுவிடுவார். அதில் எத்தனை வண்டிகள், எத்தனை ஆட்கள் என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள்.